நட்சத்திரத்துக்குத் திரை போட்டது யார்?

கதை எழுதுகிறவனிடமே கதை அளக்க வருகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. வளையமாதேவியில் நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவ்வூர் வாலிபர் ஒருவர் வந்தார். அன்ன மண்டலத்து நட்சத்திரம் ஒன்றை வேற்றுலகவாசிகள் கூண்டு கட்டி மறைத்து வருகிறார்கள் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். “இல்லையென்று நிரூபியுங்களேன், சார்!” என்று என் பக்கமே திருப்பிவிட்டார்.

விஷயம் இதுதான். கெப்ளர் விண்தொலைநோக்கியின் ஒளிக் கணக்குகளைப் பொழுதுபோக்காகப் புரட்டிய சாமானியர்கள் கண்ணில் அந்த நட்சத்திரம் பட்டது. தபேதா போயாஜியன் என்ற அம்மையார் 2015-ல் அதை உலகுக்குச் சொன்னார். 2011 மார்ச்சில் 15 சதவிகிதமும், 2013 பிப்ரவரியில் 22 சதவிகிதமும் வெளிச்சம் குறைந்திருந்தது. வியாழனைப் போன்ற பெருங்கிரகம் குறுக்கே போனாலும் ஒரு சதவிகிதத்துக்கு மேல் மறைக்காது. அதுவும் தவணை தவறாமல் மறைக்கும். இதுவோ இஷ்டத்துக்கு மங்கியது, இஷ்டத்துக்குத் தெளிந்தது. விசித்திரந்தான். விசித்திரம் என்றவுடன் கொத்தனாரைத் தேட வேண்டுமா?

2017-ல் அது மறுபடி மங்கியபோது வெவ்வேறு நிறங்களில் அளந்து பார்த்தார்கள். நீல ஒளி அதிகமாகவும் சிவப்பு ஒளி குறைவாகவும் மறைந்தது. கெட்டிச் சுவர் நிறம் பார்த்தா மறைக்கும்? நெய்வேலிச் சுரங்கத்துக்கு அண்டை ஊர்க்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மண் பறக்கும் சாயங்காலத்தில் சூரியன் சிவந்து கிடப்பதை அவர் பார்க்காததா? தூசி, ஐயா, நுண்ணிய தூசி! அது வால்நட்சத்திரங்கள் உதிர்த்ததா, சிதைந்த துணைக்கோளின் மிச்சமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்ப்பை நான் முந்திச் சொல்ல மாட்டேன்.

முந்திக்கொள்ளும் ஆசை கற்றறிந்தவர்களையும் விடுவதில்லை. 1977 மார்ச் 10-ஆம் தேதி, ஜவ்வாது மலைக் காவலூரில், யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைப் பார்க்க பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் காத்திருந்தார்கள். கிரகம் வந்து சேருமுன்பே நட்சத்திரம் சில விநாடிகள் மங்கியது. புதிய துணைக்கோள் என்று எழுதினார்கள். இந்துமகா சமுத்திரத்தின் மேல் விமானத்திலிருந்து பார்த்த எலியட் குழுவினருக்கோ கிரகம் மறைக்குமுன் ஐந்து மங்கல்கள் கிடைத்தன. விலகிய பின்னும் ஐந்து, தலைகீழ் வரிசையில். துணைக்கோள் இரு பக்கமும் நிற்குமா? அவை யுரேனஸின் வளையங்கள். காவலூரில் கண்டது மெய். வைத்த பெயர்தான் தவறு.

எல்லாவற்றையும் வாலிபரிடம் சொன்னேன். “தூசியா? இவ்வளவுதானா!” என்று முகத்தைச் சுளித்தார். சூரியனைவிடப் பெரிய நட்சத்திரத்தின் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கை விழுங்கியதாம். அது அவருக்கு ‘இவ்வளவுதான்’!