சங்கிலி மட்டும் போதுமா?

பௌர்ணமி நெருங்கினால் கீழ்க்கட்டளையிலும், சுற்றியுள்ள மடிப்பாக்கம், மூவரசம்பேட்டை, கோவிலம்பாக்கம் பகுதிகளிலும் ஒரு சுறுசுறுப்பு வந்துவிடுகிறது. தெருவுக்குத் தெரு வேன் பேசுகிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று வசூல் நடக்கிறது. புளிசாதமும் தயிர்சாதமும் கட்டுகிறார்கள். வேன் பேச வசதியில்லாதவர்கள் கிளாம்பாக்கம் போய்த் திருவண்ணாமலை பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். பெரும்பாலோர் கிரிவலத்தோடு திருப்தி அடைந்து திரும்பிவிடுகிறார்கள். ஒரு சிலர் மட்டும், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பர்வதமலையையும் பார்த்துவிட்டே போகலாம்" என்று கிளம்புகிறார்கள். அதுவும் தனியாக அல்ல, குடும்ப சகிதமாக!

அவர்களுடைய பக்தியைப் பற்றி நமக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. தைரியத்தையும் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் ஏறப்போகிற மலை எப்படிப்பட்டது என்பதை வேன் புறப்படுவதற்கு முன்பே யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

பர்வதமலை திருவண்ணாமலை மாவட்டம் கலசபாக்கம் வட்டத்தில், தென்மாதிமங்கலம் கிராமத்துக்கு அருகே இருக்கிறது. உயரம் சுமார் 4,500 அடி. உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும் கோயில் கொண்டிருக்கிறார்கள். முதலில் படிக்கட்டு, பிறகு கல்லும் முள்ளுமாகக் காட்டுப் பாதை. அதுவரை மூச்சு வாங்கும், கால் வலிக்கும், அவ்வளவுதான். அதற்கு மேல்தான் விஷயமே இருக்கிறது. செங்குத்தான பாறையில் கடப்பாறைகளை அறைந்து வைத்திருக்கிறார்கள். சங்கிலியைக் கையால் பற்றிக்கொண்டு, கடப்பாறையில் கால் வைத்து ஏற வேண்டும். அந்த இடத்துக்கே 'கடப்பாறை நெட்டு' என்றுதான் பெயர். அப்புறம் இரும்பு ஏணி. பக்கத்தில் பள்ளத்தாக்கு. பௌர்ணமி இரவில் பலர் கையில் டார்ச் விளக்கோடு இதில் ஏறியிருக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு வித்தியாசத்தை நாம் உணர வேண்டும். சங்கிலியை நாம் பிடித்துக்கொள்கிறோம். சங்கிலி நம்மைப் பிடித்துக்கொள்வதில்லை! கை வியர்த்தாலும், தலை சுற்றினாலும், மேலே போகிறவர் கால் தவறி நம்மேல் சாய்ந்தாலும் நம் பிடி நழுவிவிடும். நழுவிய பிறகு சங்கிலி அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும், நாம் இருக்கமாட்டோம்.

பழைய வழக்கம்தான்

மலையேறுகிறவனுக்குக் கைப்பிடி வேண்டும் என்பது புதிய யோசனையல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் நூல். பாசி படர்ந்து கால் வழுக்கும் இடங்களில் அங்கே வளர்ந்திருக்கும் சிறுமூங்கிலையும் நாணலையும் பிடித்துக்கொண்டு நடக்கும்படி அது புத்தி சொல்கிறது. அதில் சொல்லப்படும் நவிர மலை இந்தப் பர்வதமலைதான் என்பது அறிஞர் கருத்து. அன்றைக்கு மூங்கில், பிற்காலத்தில் கடப்பாறையும் சங்கிலியும். பிடி மாறியிருக்கிறதே தவிர, ஏறுகிற முறை மாறவில்லை.

இலங்கையில் சிவனொளிபாத மலை இருக்கிறது. உயரம் 7,359 அடி. 1344-ஆம் ஆண்டில் மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா அங்கே போனார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும், துணைக்கு யோகிகளும் அந்தணர்களும், சுமை தூக்க ஆட்களும் கொடுத்தனுப்பினார். பாறையில் அறைந்த இரும்பு முளைகளில் பத்துச் சங்கிலிகள் தொங்கின என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். பத்தாவது சங்கிலியின் பெயர்தான் விசேஷம். அங்கிருந்து கீழே பார்த்தவர்கள் பயத்தில் கலிமாச் சொல்லிவிடுவார்களாம். அதனால் 'கலிமாச் சங்கிலி' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்! கடப்பாறை நெட்டில் 'நமச்சிவாய' என்று வருவது போலத்தான் இதுவும். மதம் வேறானாலும் பயம் ஒன்றுதானே?

இடுப்புக்கு வந்த கொக்கி

ஐரோப்பாவிலும் கதை இப்படித்தான் ஆரம்பித்தது. 1843-இல் ஆஸ்திரியாவில் தாக்ஸ்டைன் சிகரத்துக்குப் போகும் வழியில் பாறையில் இரும்பு முளைகள் அடித்துப் பிடிப்புக்கு வழி செய்தார்கள். முதல் உலகப் போர் வந்தது. 1915-இலிருந்து 1917 வரை இத்தாலியப் படையும் ஆஸ்திரியப் படையும் டாலமைட் மலைகளில் எதிரெதிரே நின்றன. சிப்பாய்களும் தளவாடங்களும் மேலே போவதற்காக ஏணிகளையும் கம்பி வடங்களையும் பாறையில் பொருத்தினார்கள். போர் முடிந்தது, பாதைகள் மிஞ்சின. பிற்காலத்தில் அவற்றைச் செப்பனிட்டு, உல்லாசப் பயணிகளுக்குத் திறந்துவிட்டார்கள். இத்தாலியர் அதற்கு 'வியா பெராட்டா' என்று பெயரிட்டார்கள். இரும்புப் பாதை என்று அர்த்தம். நமக்கு 'இருப்புப்பாதை' என்றால் ரயில் ஞாபகம்தான் வரும். அவர்களுக்கு மலை ஞாபகம் வருகிறது.

இன்று அந்தப் பாதைகளில் முன்பின் மலையேறாதவர்களும், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர்களும் ஏறுகிறார்கள். அவர்கள் நம்மைவிடத் தைரியசாலிகள் என்பதால் அல்ல. இடுப்பிலும் தொடையிலும் ஒரு வார் கட்டிக்கொள்கிறார்கள். அதிலிருந்து இரண்டு கயிறுகள் பிரிகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொக்கி. வழி நெடுகப் பாறையோடு ஒட்டி எஃகு வடம் ஓடுகிறது. சில அடிகளுக்கு ஒரு முளை அதைப் பாறையோடு இறுக்கியிருக்கிறது. இரண்டு கொக்கியையும் வடத்தில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டியது. முளை வந்ததும் ஒரு கொக்கியைக் கழற்றி முளைக்கு அப்பால் மாட்ட வேண்டியது. பிறகுதான் அடுத்த கொக்கியைக் கழற்றலாம். எந்த நிமிஷத்திலும் ஒரு கொக்கியாவது மாட்டியிருக்கும். கை நழுவினாலும் ஆள் போய்விடமாட்டான். கற்றுக்கொள்ள ஒரு மணி நேரம் பிடிக்கும்.

இது நமக்கு ஒன்றும் தெரியாத வித்தையல்ல. துரைப்பாக்கம் சாலை ஓரத்தில் எழும்பும் மாடிக் கட்டடங்களில் வெளிச்சுவருக்கு வண்ணம் அடிக்கிறவர்களைக் கவனியுங்கள். ஒழுங்கான மேஸ்திரி என்றால் இரட்டைக் கொக்கி பெல்ட் இல்லாமல் ஆளைச் சாரத்தில் ஏற்றமாட்டார். கூலிக்கு ஏறுகிறவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, கும்பிட ஏறுகிறவருக்குக் கிடைக்கக்கூடாதா?

அதற்காக அந்தப் பெல்ட்டையே இரவல் வாங்கிக்கொண்டு மலைக்குப் போய்விடாதீர்கள். மலை வடத்தில் கை நழுவினால், கொக்கி கீழே உள்ள முளை வரைக்கும் சரசரவென்று இறங்கிவிடும். பல அடி விழுந்த பிறகுதான் கயிறு நிறுத்தும். வெறும் கயிறாயிருந்தால் அந்த ஒரு வெட்டிலேயே எலும்பு முறியலாம்; கொக்கியே உடையலாம். அதனால் மலைக் கயிற்றில் மடித்துத் தைத்த ஒரு பட்டை இருக்கிறது. அதிர்ச்சி வரும்போது அதன் தையல் சிறிது சிறிதாகப் பிரிந்து வேகத்தைக் குறைக்கிறது. ஐரோப்பாவில் 2017-இல் திருத்திய தர விதிப்படி, 40 கிலோ முதல் 120 கிலோ வரை எடையுள்ளவரை அது தாங்க வேண்டும். இதில் பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. 40 கிலோவுக்குக் குறைந்த பிள்ளை விழுந்தால், எடை போதாமல் தையல் சரியாகப் பிரியாது. அதிர்ச்சி முழுதும் பிள்ளையின் உடம்பில் இறங்கும். ஆகையால் சிறுவர்களுக்கு மேலேயிருந்து தேர்ந்த ஒருவர் தனிக் கயிறு பிடிக்க வேண்டும். கொக்கி மாட்டிவிட்டோம் என்று குழந்தையைத் தனியே விடக்கூடாது.

ஆட்சேபங்கள்

"சாமியைப் பார்க்கப் போகிறவனுக்குக் கொக்கி எதற்கு? அவன் பார்த்துக்கொள்வான்" என்று சொல்வாருண்டு. அவனே பார்த்துக்கொள்வான் என்றால் கடப்பாறை மட்டும் எதற்கு? பின்னால் வருகிறவர் விழக்கூடாது என்று பாறையைத் துளைத்துக் கடப்பாறை அடித்த புண்ணியவானும் பக்தன்தானே? அவன் விட்ட இடத்திலிருந்து நாம் தொடர்ந்தால் பக்தி குறைந்துவிடாது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. கம்பி வடம் போட்டால் வரக்கூடாதவர்களெல்லாம் வந்துவிடுவார்கள், அசட்டுத் தைரியம் பிறந்துவிடும் என்கிறார்கள். இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. வடம் விழாமல் காக்குமே தவிர, மேலேயிருந்து கல் உருண்டால் காக்காது. இடி இடிக்கும்போது இரும்பைத் தொட்டுக்கொண்டு நிற்பதே ஆபத்து. மலேசியாவின் கினபாலு மலையில் 2007-இல் இத்தகைய பாதை திறந்தார்கள். 2015 ஜூன் 5-ஆம் தேதி அந்த மலையில் பூகம்பம் ஏற்பட்டு, பாறைகள் சரிந்து 18 பேர் மாண்டார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்து அந்தக் கம்பிப் பாதையில் போய்க்கொண்டிருந்த பள்ளிக் குழந்தைகளும் அதில் இறந்துபோனார்கள். எனவே கொக்கி இருந்தால் எல்லாம் ஆயிற்று என்று நாம் வாதிக்கவில்லை. தலைக்கவசம், வழிகாட்டி, வானிலை பார்த்து வழியை மூடும் அதிகாரம் எல்லாம் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. மற்றபடி, வரக்கூடாதவர்கள் வந்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு ஒரு பதில் உண்டு. அவர்கள் இப்போதே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், வெறுங்கையோடு வருகிறார்கள்!

செய்ய வேண்டியது

தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத் தீ மூண்டு, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 வழிகளை வகுத்து, முன்பதிவும் வழிகாட்டியும் உள்ள ஒரு திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. செய்ய வேண்டும் என்று நினைத்தால் சர்க்காரால் முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. ஒவ்வொரு காரியத்துக்கும் முன்னால் ஒரு சாவு விழுந்தாக வேண்டும் என்று சட்டமா என்ன?

நாம் கேட்பது இரண்டு. முதலாவது, பர்வதமலையில் கடப்பாறை நெட்டு ஏறும் தூரத்துக்கு மட்டுமாவது எஃகு வடம் ஒன்று ஓட வேண்டும். அடிவாரத்தில் வாரும் கொக்கியும் தலைக்கவசமும் வாடகைக்குக் கிடைக்க வேண்டும். மலை அடிவாரத்துக் கிராம இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களையே காவலாகவும் வழிகாட்டியாகவும் நிறுத்தலாம். அவர்களுக்கும் பிழைப்பாயிற்று. ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று பிரித்துவிட்டால் பாதித் தள்ளுமுள்ளு தீர்ந்துவிடும்.

இரண்டாவது, பழகுவதற்கு ஓர் இடம் நம் பக்கத்திலேயே வேண்டும். நீந்தத் தெரியாதவனை நேரே நடுக்கடலில் இறக்குவார்களா? பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருப்பது சார்னோக்கைட் என்னும் கெட்டிப் பாறை. புவியியல் படித்தவர்களுக்கெல்லாம் பரிச்சயமான பெயர். பல்லாவரத்திலும் திரிசூலத்திலும் கைவிடப்பட்ட கல்குவாரிகள் இருக்கின்றன. பொறியாளர்கள் சோதித்து உறுதி சொன்ன ஒரு பாறைமுகத்தில் இருபதடி உயரத்துக்கு ஒரு வடம் கட்டினாலே போதும். ஞாயிறு காலையில் கீழ்க்கட்டளைக் குடும்பம் ஒன்று போய், கொக்கி மாட்டவும் கழற்றவும் பழகிவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஆனால் நன்மங்கலத்துக் குவாரியைத் தொட வேண்டாம். அது காப்புக்காடு, கொம்பன் ஆந்தைகள் அங்கே குடியிருக்கின்றன. அவற்றுக்கும் குடும்பம் உண்டல்லவா?

அதுவரை வீட்டுப் பெரியவர்கள் சில காரியங்களைத் தாங்களே செய்யலாம். முதல் தடவையாகப் போகிறவர்கள் பகலில் ஏறட்டும். கூட்டம் நெரியும் பௌர்ணமி இரவு வேண்டாம். மழை மேகம் கண்டால் அடிவாரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பட்டும். கைக்குழந்தையோடு நெட்டில் கால் வைக்கவே கூடாது. பெரிய பிள்ளையானாலும், "பயமாயிருக்கிறது" என்று அது சொன்ன இடத்தோடு ஏற்றம் முடிந்தது. கேலி பேசி மேலே தள்ளக்கூடாது. ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்பதால், பாதி பலத்தை இறக்கத்துக்கு மிச்சம் வைத்திருக்க வேண்டும்.

மலை எங்கும் போய்விடாது. இந்த வருஷம் முடியாவிட்டால் அடுத்த வருஷம் ஏறலாம். ஏறிய குடும்பம் அத்தனை பேரும் அதே வேனில் வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் நம் ஆசை. அதற்கு வேண்டியது சில நூறு அடி எஃகு வடமும், கொஞ்சம் அக்கறையும். அறநிலையத் துறையும் வனத்துறையும் சுற்றுலாத் துறையும் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து இதைப் பேசுவார்களா?