ஜெனரேட்டர் தானா ஸ்டார்ட் ஆகலையா? முதல்ல பேட்டரியைப் பாருங்க

டெல்லி, குர்காவ்ன், நொய்டா பக்கம் அடுக்குமாடியில் குடியிருக்கும் நம்ம மக்களுக்கு ஒரு வார்த்தை. சொசைட்டி மீட்டிங்கில் "டிஜி ஆட்டோவில் எடுக்கலை, ஏஎம்எஃப் பேனலையே மாத்தணும்" என்று கொட்டேஷன் வந்தால் உடனே கையைத் தூக்கிடாதீங்க. சில லட்ச ரூபாய் சமாச்சாரம். எங்க சொசைட்டியிலும் வந்தது, நான் வேண்டாம் என்றேன்.

இந்த ஏஎம்எஃப் பேனல் ஒன்றும் மந்திரப் பெட்டி இல்லை. மெயின்ஸ் வோல்டேஜைக் கவனித்துக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் சில விநாடி பொறுத்துப் பார்க்கும் (கண் சிமிட்டுகிற கரண்டுக்கெல்லாம் இஞ்சினை எழுப்பக் கூடாதே). பிறகு ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லும். வழக்கமாக மூன்று தடவை. அப்படியும் எடுக்கவில்லை என்றால் அலாரம் அடித்துவிட்டு லாக் ஆகிவிடும். எடுத்துவிட்டால், வோல்டேஜ் நிலைத்ததும் லோடை ஜெனரேட்டருக்கு மாற்றும். அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், கரண்ட் ஒழுங்காக வருவதுதான் பிரச்சினையே! 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட மாநிலங்கள் இருண்டது ஞாபகம் இருக்கும். அப்போதெல்லாம் ஜெனரேட்டர் அடிக்கடி ஓடும், பேட்டரியும் சார்ஜ் ஆகும், கோளாறு இருந்தால் அன்றைக்கே தெரியும். இப்போது எங்கள் பக்கம் கரண்ட் போவது குறைந்துவிட்டது. 2023 முதல் தலைநகர் வட்டாரத்தில் டீசல் செட்டுக்கான மாசு விதிகளும் இறுகிவிட்டன. செட் சும்மா நிற்கிறது.

நிற்கிற செட்டின் பேட்டரியை நிரப்பி வைக்க மெயின்ஸில் ஓடும் ஒரு சின்ன சார்ஜர் உண்டு. அதன் ஃப்யூஸ் போனால் யாருக்கும் தெரியாது. கன்ட்ரோலர் மட்டும் பேட்டரியைச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருக்கும். ஒரு மல்ட்டிமீட்டர் போதும். 12 வோல்ட் பேட்டரி என்றால், சார்ஜர் ஓடும்போது முனையில் 13-க்கு மேல் காட்டணும். சார்ஜரை அணைத்துச் சில மணி நேரம் விட்டுப் பார்த்தால் 12.6 பக்கம் நிற்கணும். பெரிய செட்டில் இரண்டு பேட்டரி சேர்த்து 24 வோல்ட் இருக்கும், கணக்கை இரட்டிப்பாக்கிக்கோங்க. ஆனால் இதை மட்டும் நம்பாதீங்க. ஸ்டார்ட்டர் சுற்றும்போது மீட்டரைப் பாருங்க. 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியோ முனையோ சரியில்லை. பேங்க் பாஷையில் சொன்னால், பாஸ்புக்கில் பேலன்ஸ் இருக்கும், செக் போட்டால் ரிட்டர்ன் ஆகும்.

பேட்டரி நன்றாக இருந்தால்? கரண்ட் போனதும் செட் பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கோங்க. சத்தமே இல்லையா? பேனல் உத்தரவே போடவில்லை. ஸ்விட்ச் ஆட்டோவில் இல்லாமல் மேனுவலில் இருக்கும், எமர்ஜென்சி பட்டன் அமுங்கியிருக்கும், பழைய அலாரத்தை யாரும் ரீசெட் செய்திருக்க மாட்டார்கள். மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் போனதைப் பேனல் பார்க்கவில்லை என்றாலும் இதே கதைதான். 'டக்' என்று மட்டும் கேட்டால் மறுபடியும் பேட்டரி, முனை, ஸ்டார்ட்டர். சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் டீசல், ஏர்லாக், சொலினாய்டு. இஞ்சின் ஜம்மென்று ஓடியும் வீட்டில் விளக்கு எரியாவிட்டால் பிரேக்கர், சேஞ்ச்ஓவர் பக்கம் போங்க. கையை வைப்பது எலெக்ட்ரீஷியன் வேலை. அவரும் செட்டை ஆஃபில் போட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் தொடணும். ஆட்டோவில் இருக்கிற செட் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பும்.

வாராவாரம் டெஸ்ட் பண்றோம் சார் என்பார்கள். மேனுவலில் பட்டனை அமுக்கி ஐந்து நிமிஷம் ஓட்டுவார்கள். அது இஞ்சினுக்கான டெஸ்ட், ஆட்டோவுக்கு இல்லை. மெயின்ஸ் இன்கமரை நிஜமாகவே அணைத்து, லிஃப்ட் மறுபடி ஓட எத்தனை விநாடி ஆகிறது என்று மாதம் ஒருமுறை எழுதி வைக்கணும். நான் இதைச் சொன்னபோது, "ஞாயிற்றுக்கிழமை டிவி அணைஞ்சுடுமே" என்றார் ஒருத்தர். ஊரிலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டிவந்து பதினாலாம் மாடியில் வைத்திருக்கிறோம். இருட்டில் நின்ற லிஃப்டுக்குள் இந்தியும் தெரியாமல் அவர்கள் நிற்பதை அவர் யோசித்திருக்க மாட்டார். ஆக்ஸிஜன் மெஷின் ஓடுகிற வீடும் இருக்கும். டெஸ்டுக்கு முன் அவர்களிடம் நேரில் சொல்லிடுங்க. கையில் ஒரு சிலிண்டரும் வைத்திருக்கச் சொல்லுங்க.

இன்னொன்று, ஏஎம்சி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படிங்க. எங்களுடையதில் பேட்டரி 'கன்ஸ்யூமபிள்', ஒப்பந்தத்தில் சேராது. அதனால் அதைப் பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை! பேட்டரி வாங்கிய தேதியை அதன் மேலேயே பெயின்ட்டில் எழுதச் சொல்லுங்க. புதுப் பேனல் கொட்டேஷனை அதற்கப்புறம் எடுத்துப் பேசலாம்.