மதிப்பெண் போடும் கையே கணக்கும் காட்டட்டும்!

பிள்ளை அசைன்மெண்ட் கொடுக்கவில்லை. இதை யார் கவனித்திருக்க வேண்டும்? ஆண்டு முடிவில் பள்ளிக்கூட வாசலில் இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவதுதான் வழக்கமாகிவிட்டது. “வீட்டில் பார்க்க வேண்டாமா?” என்கிறார் ஆசிரியர். “அதற்குத்தானே பள்ளிக்கூடம்?” என்கிறார் தகப்பனார். “நான் பாடம்தான் சொல்லித் தருகிறேன்” என்கிறார் டியூஷன் மாஸ்டர். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது. பூஜ்யம் மட்டும் எவரையும் கேட்காமல் மதிப்பெண் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்கிறது!

மும்பையில் பிழைக்க வந்த தமிழர்களாகிய நாம் இந்த வழக்கில் ஒரு தீர்ப்புக் கேட்கிறோம். வேலையைச் செய்ய வேண்டியது பிள்ளை. செய்கிறதா என்று விசாரிக்க வேண்டியது வீடு. எது வந்தது, எது வரவில்லை என்று கணக்கு வைத்து, காலம் தாழ்த்தாமல் சொல்ல வேண்டியது பள்ளிக்கூடம். கடன் கொடுத்தவன் கணக்கு வைக்காமல், வாங்கியவன் வீட்டில் ஜப்தி செய்ய வந்தால் ஊர் ஒப்புமா?

அசைன்மெண்டுதானே, அற்ப விஷயம் என்று நினைப்போர் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் முக்கியப் பாடம் ஒவ்வொன்றுக்கும் எழுத்துத் தேர்வு 80, அக மதிப்பீடு 20. பருவத் தேர்வு, பலவகை மதிப்பீடு, மாணவர் தொகுப்பேடு, பாடச் செய்முறை என்று ஐந்தைந்தாகப் பிரித்து அந்த 20-ஐப் பள்ளிக்கூடமே போடுகிறது. தேறுவதற்கு இரண்டும் சேர்த்து 33 வேண்டும். அக மதிப்பீட்டில் 18 வாங்கிய பிள்ளைக்குத் தேர்வுத் தாளில் 15 போதும். 6 வாங்கிய பிள்ளையோ 27 எடுத்தாக வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கும் அறிவு ஒன்றாகவே இருக்கலாம். ஒரு வீட்டில் படித்த தாய் தினமும் நோட்டைப் புரட்டுகிறாள். மறு வீட்டில் தாய் விடியுமுன் இட்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

மகாராஷ்டிரத்தில் 2019-இல் நடந்தது நினைவிருக்கிறதா? பத்தாம் வகுப்பில் மொழிப் பாடங்களுக்கும் சமூக அறிவியலுக்கும் இருந்த 20 அக மதிப்பெண்ணை அந்த ஆண்டு எடுத்துவிட்டார்கள். 2018-இல் 89.41 விழுக்காடாக இருந்த தேர்ச்சி 77.10-க்குச் சரிந்தது. புதிய பாடத்திட்டமும் அந்த ஆண்டுதான் வந்தது; ஆகவே சரிவு முழுவதையும் அந்த 20-இன் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் அடுத்த கல்வியாண்டிலேயே அந்த மதிப்பெண்ணைத் திரும்பக் கொண்டுவர வேண்டிவந்தது. ஒரு மாநிலத்தையே திரும்பிப் பார்க்க வைத்த 20 மதிப்பெண், ஒரு கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு எவ்வளவு பெரிது!

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 24-ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. பெற்றோரை ஒழுங்காகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் எல்லாவற்றையும் அவர்களுக்குத் தெரிவிப்பதும் அவற்றில் ஒன்று. நல்ல சட்டம்! ஆனால் அது ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை, எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மதிப்பெண் எதிர்காலத்தைத் தீர்மானிக்கத் தொடங்கும் உயர்நிலைப் பள்ளி வாசலில் சட்டம் கையை விட்டுவிடுகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் தகப்பனுக்குச் சொல்லவேண்டிய சேதி, பத்தாம் வகுப்புப் பிள்ளையின் தகப்பனுக்கு வேண்டாமா?

“செய்திதான் போன் குரூப்பில் போடுகிறோமே” என்பார்கள். 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது வந்த பழக்கம் இது. பள்ளி திறந்தது; பழக்கம் நின்றபாடில்லை. ஒரே போன் உள்ள வீட்டில் அது தகப்பனோடு வேலைக்குப் போய்விடுகிறது. இரவு அவர் திறந்தால் நூறு செய்திகள். நடுவில் ஆங்கிலத்தில் நாலு வரி. எந்தப் பிள்ளை எதைக் கொடுக்கவில்லை என்பது அதில் இருக்காது. “கொடுக்காதவர்கள் உடனே கொடுக்கவும்” என்று பொதுவாக இருக்கும். இது தகவல் தெரிவிப்பதா, தண்டோரா போட்டுவிட்டேன் என்று கை கழுவுவதா?

“பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பொறுப்பு வேண்டாமா?” என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டும், கட்டாயம் வேண்டும். தன் வேலையைத் தானே நினைவில் வைக்கப் பழகாத பிள்ளை நாளை எந்தத் தொழிலிலும் நிலைக்காது. ஆனால் பாக்கி எவ்வளவு என்று காட்டினால்தானே தீர்க்கும் பொறுப்பு வரும்? ஐந்தாறு ஆசிரியர்கள் அவரவர் பாடத்துக்கு வேலை கொடுக்கிறார்கள். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வீட்டுப் பாடம் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது 2020-இல் வந்த பள்ளிப் பை கொள்கை. எல்லாப் பாடத்தையும் கூட்டிப் பார்க்க ஒருவர் இல்லாவிட்டால் அந்த வரம்பு மீறப்பட்டதா என்பது யாருக்குத் தெரியும்?

ஆசிரியர்மீது நமக்குப் பகையில்லை. நெரிசலான வகுப்பு, அலுவலகப் படிவங்கள், போதாததற்குத் தேர்தல் வேலை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அந்த வேலைகளுக்கு அனுப்ப அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது. ஊர்க் கணக்கெல்லாம் எடுக்க ஆசிரியரை அனுப்புகிற அரசு, வகுப்புப் பிள்ளைகளின் கணக்கை வைக்க ஓர் எழுத்தரைக் கொடுக்கக் கூடாதா? சுமையைக் குறைக்கச் சொல்லி ஆசிரியர்கள் போராடினால் நாம் அவர்கள் பக்கம். சுமையைக் காரணம் காட்டிப் பிள்ளைக்குப் பூஜ்யம் போட்டால் எதிர்ப்பக்கம்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளியைக் கேள்வி கேட்க வாயில் வலு வேண்டுமானால் வீட்டில் மடி சுத்தமாக இருக்க வேண்டும். கடையில் காசு கொடுத்து ஆயத்தப் புராஜெக்ட் வாங்கிக் கொடுக்காதீர்கள். பிள்ளை அதில் கற்பது பொய் ஒன்றைத்தான். நீட்டிய இடத்திலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆங்கிலமும் மராத்தியும் தெரியாவிட்டால் வெட்கமென்ன? “இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துக் காட்டு” என்று பிள்ளையிடமே கேளுங்கள். வாரம் ஒருநாள் கேட்டால் போதும். கேட்கும் தகப்பன் உண்டு என்ற நினைவே பாதி வேலையைச் செய்துவிடும்.

நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று: வகுப்பாசிரியரிடம் எல்லாப் பாடத்துக்குமான ஒரே பதிவேடு இருக்க வேண்டும். இரண்டு: மாதம் ஒருமுறை, பிள்ளையின் பெயர் எழுதி, பாக்கி வேலைகளின் பட்டியல் தாளில் வீட்டுக்கு வரவேண்டும், தமிழ்ப் பெற்றோருக்குத் தமிழில் வரவேண்டும். மாநகராட்சியே தமிழ்வழிப் பள்ளிகள் நடத்தும் இந்த நகரத்தில் இது ஆகாத காரியமல்ல. மூன்று: இருமுறை எழுதித் தெரிவித்து, முடிக்க அவகாசமும் தராமல் எவருக்கும் பூஜ்யம் போடக் கூடாது. நான்கு: அக மதிப்பெண்ணை வாரியத்துக்கு அனுப்புமுன் பெற்றோரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் கோடிப் பணம் வேண்டியதில்லை; ஒரு நோட்டும் மனமும் போதும். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் ஆண்டாப் ஹில்லிலும் உள்ள தமிழ்ப் பெற்றோர் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு நாள் கூலி போனாலும் போங்கள். தனித்தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். “எங்கள் பிள்ளை பாக்கி என்ன? எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். மார்ச் மாதத்தில் அழுவதைவிட ஜூலை மாதத்தில் கேட்பது மேல்.