கையே ஆடுது... கருவி எதுக்கு?

செல்போன், இயர்பட்ஸ், செகண்ட்ஹேண்ட் பைக்னு போயிட்டிருந்த நம்ம 'வாங்கலாமா... வேணாமா?' பஞ்சாயத்துக்கு இந்த வாரம் வந்திருக்கிறது, ஒரு கோல்ஃப் ஜி.பி.எஸ். கருவி!

'அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கோல்ஃபா? நாங்க காலி கிரவுண்டுல டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடவே இடம் பிடிக்கத் திண்டாடுறோம்'னு சிரிக்கிறீங்கதானே? இருங்க பாஸ். கேள்வி கேட்டிருக்கிறவர் அம்பத்தூர்ல இருந்து ஒரு ஃபைனல் இயர் மாணவர். அவர் கோல்ஃப் ஆடுறவர் இல்லை. அவரோட அப்பா சென்னையில ஒரு கோல்ஃப் மைதானத்துல கேடி. (போலீஸ் ஸ்டேஷன் போர்டுல போட்டோ ஒட்டுவாங்களே, அந்த கேடி இல்லை!) ஆடுறவரோட பையைத் தூக்கிட்டு கூடவே நடந்து, 'கொடி இவ்வளவு தூரம் சார், இந்த மட்டையை எடுங்க'னு சொல்ற வேலை. இருபது வருஷத்துக்கு மேல அதே மைதானம், அதே நடை.

மகனுக்கு இன்டர்ன்ஷிப்ல முதல் ஸ்டைபண்ட் வந்திருக்கு. 'அப்பாவுக்கு ஒரு ஜி.பி.எஸ். ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கித் தரலாமா? வொர்த்தா? இன்னொரு பயமும் இருக்கு. இந்தக் கருவி ஆடுறவங்க எல்லார் கையிலயும் வந்துட்டா, எங்க அப்பாவை யார் கூப்பிடுவாங்க?'

கேள்வி ரெண்டு. பதிலுக்கு ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ் லேப் போதும்!

அது என்ன கருவி?

கோல்ஃப்ல எல்லாமே கெஜக் கணக்கு. பயப்படாதீங்க, நமக்குத் தெரிஞ்ச கணக்குதான். கிரிக்கெட் பிட்ச் 22 கெஜம். கொடி 150 கெஜத்துல இருக்குன்னா, ஏறக்குறைய ஏழு பிட்ச்சை வரிசையா போட்ட தூரம். பையில அதிகபட்சம் 14 மட்டை வெச்சுக்கலாம். ஒவ்வொரு மட்டைக்கும் ஒரு தூரம். ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் சராசரியா 10, 15 கெஜம் வித்தியாசம். ஆக, தூரம் தெரிஞ்சாத்தான் எந்த மட்டைன்னு முடிவு பண்ண முடியும்.

அந்தத் தூரத்தைச் சொல்ல கடையில ரெண்டு ஜாதி இருக்கு.

முதல் ஜாதி ஜி.பி.எஸ். கைக்கடிகாரமாவும் வரும், உள்ளங்கை சைஸ் டப்பாவாவும் வரும். மைதானத்தோட மேப் உள்ளேயே இருக்கும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற செயற்கைக்கோள்கள்ல குறைஞ்சது நாலு கிட்டயிருந்து சிக்னல் வாங்கி, நீங்க நிக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சு, அங்கிருந்து கிரீனோட முன் விளிம்பு, நடு, பின் விளிம்பு எவ்வளவு தூரம்னு கழிச்சுச் சொல்லும். கிரீன்ங்கிறது குழி இருக்கிற அந்த வழவழ புல்தரை. கொடியை எங்கே நட்டிருக்காங்கன்னு இதுக்குத் தெரியாது. கொடியை அடிக்கடி இடம் மாத்திக்கிட்டே இருப்பாங்க.

ரெண்டாவது ஜாதி லேசர். பைனாகுலர் மாதிரி கண்ணுல வெச்சுக் கொடியைக் குறி பார்த்து பட்டனை அமுக்கணும். ஒளி போய் பட்டுத் திரும்பி வர்ற நேரத்தை வெச்சு தூரத்தைச் சொல்லும். 150 மீட்டர் தள்ளி இருக்கிற கொடிக்கு ஒளி போயிட்டு வர ஆகுற நேரம் ஒரு மைக்ரோ செகண்ட். அதையே நறுக்கி நறுக்கி எண்ணி, ஒரு கெஜத்துக்குள்ள சொல்லிடும். ஆனா, கொடி கண்ணுக்குத் தெரிஞ்சாகணும். மரம் மறைச்சாலோ, மேடு மறைச்சாலோ அவ்வளவுதான். கை லேசா அசைஞ்சா கொடிக்குப் பின்னாடி நிக்கிற மரத்தோட தூரத்தைச் சொல்லிட்டு சமர்த்தா உட்கார்ந்திருக்கும்!

ரெண்டுமே பிராண்டட் வாங்கப் போனா விலை அஞ்சு இலக்கத்துக்குக் குறையாது. கடைக்காரர் சொல்ற அஸ்திரம், 'சார், துல்லியம்!'

அந்தத் துல்லியத்தைத்தான் நாம கொஞ்சம் நோண்டப் போறோம்.

துல்லியம் யாருக்கு வேணும்?

லேசர் ரேஞ்ச்ஃபைண்டரைப் பார்க்க வெளிநாட்டு கோல்ஃப் மைதானத்துக்குப் போக வேண்டாம். ஆவடி போதும்! கனரக வாகனத் தொழிற்சாலையில தயாராகுற பீரங்கி வண்டிகள் இருக்கே... ஆவடி சி.வி.ஆர்.டி.இ. வடிவமைச்ச அர்ஜுனையே எடுத்துக்கோங்க. குறி பார்க்கிற கருவியிலயே லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் இருக்கு. அங்கே அது அவசியம். ஏன்னா, வண்டி குலுங்கினாலும் குழாய் அசையாமப் பிடிச்சுக்க ஒரு ஏற்பாடு, குண்டு போற பாதையைக் கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டர்னு மத்த பிழையை எல்லாம் ஏற்கெனவே சுருக்கிட்டாங்க. தூரத்துல தப்பு வந்தா, அடியே தப்பு. அதனால அங்கே துல்லியத்துக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை.

பூந்தமல்லியில இருந்து மவுன்ட் ரோடைப் பிடிச்சுப் போனா வர்ற பரங்கிமலையிலயும் இதே கதை உண்டு. 1802-ல வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்க முதல் கோடு போட்டது அந்தப் பக்கம்தான். ஏழரை மைல் தூரத்தை 100 அடி எஃகுச் சங்கிலி வெச்சு அளக்க 57 நாள் எடுத்துக்கிட்டார். 'ஏழரை மைலுக்கு ரெண்டு மாசமா?'ன்னு தோணும். அதுக்கப்புறம் வரையப் போற முக்கோணம் எல்லாம் அந்த ஒரு கோட்டை நம்பித்தான் நிக்கப் போகுது. அங்கே ஒரு அடி பிசகினா, போகப் போக அது பெருகும். அவருக்கும் துல்லியம் வேணும்.

இப்போ அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வாங்க. லேத்துல கடைஞ்ச ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டர் வெச்சுத்தான் பார்ப்பாங்க. அதே பட்டறையில ஹேக்ஸா பிளேடுல பைப் அறுக்கிறவர் கையில இருக்கிறது சாதா டேப். 'அண்ணே, மைக்ரோமீட்டர் வெச்சு அளந்துட்டு அறுங்க'னு சொல்லிப் பாருங்க, டேப்பாலயே ஒண்ணு வைப்பார்! பிளேடே ஒரு மில்லிமீட்டர் தின்னுடும். அதுக்குக் கீழே அளந்து என்ன புண்ணியம்?

கோல்ஃப் ஆடுறவர் கை ஷாஃப்ட்டா, ஹேக்ஸாவா? அங்கேதான் இருக்கு மேட்டரே.

ஒரு குட்டிக் கணக்கு

ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமில்லாத ரெண்டு பிழை சேர்ந்தா மொத்தப் பிழை எவ்வளவு? ரெண்டையும் வர்க்கம் பண்ணிக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்கணும். லேப் ரெக்கார்டுல பார்த்து காப்பியடிச்சோமே, அதேதான்!

வாரக் கடைசியில மட்டும் ஆடுற ஒருத்தர். ஒரே மட்டையில அடிச்சாலும் அவர் பந்து 20 கெஜம் முன்னே பின்னே விழுதுன்னு வெச்சுப்போம். அவரே குத்துமதிப்பா கண்ணால தூரம் பார்த்தா அதுல ஒரு 15 கெஜம் பிழை. மொத்தம் 25 கெஜம்.

இப்போ கண்ணுக்குப் பதிலா செல்போன்ல ஒரு இலவச கோல்ஃப் ஆப். திறந்த வானத்துக்குக் கீழே சாதாரண போன் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டருக்குள்ள இடம் சொல்லும். கணக்குக்கு 5 கெஜம்னு எடுத்துப்போம். மொத்தப் பிழை 20.6 கெஜம். நல்ல முன்னேற்றம், அதுவும் ஓசியில!

அடுத்து, அஞ்சு இலக்க விலை கொடுத்து ஒரு கெஜம் துல்லியத்துல லேசர் வாங்குறார். மொத்தப் பிழை 20.02 கெஜம். அத்தனை காசுக்கும் கிடைச்ச லாபம் அரை கெஜத்துக்குச் சொச்சம். அதாவது, உங்க ஒரு காலடிக்கும் குறைவு!

இதையே கைப்பிழை 6 கெஜம்தான்னு இருக்கிற தேர்ந்த ஆட்டக்காரருக்குப் போடுங்க. கண்ணால பார்த்தா மொத்தம் 16. ஆப்ல 7.8. லேசர்ல 6.1. அவருக்கு ஆப்பும் பெரிய உதவி, லேசர்லயும் மேற்கொண்டு பிரயோஜனம் இருக்கு.

சுருக்கமா சொன்னா, கருவியோட பிழை உங்க கைப்பிழையைவிட ரொம்பச் சின்னதா ஆனதுக்கு அப்புறம், அதை இன்னும் சின்னதாக்கக் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் அழகுக்குத்தான். இது கோல்ஃபுக்கு மட்டும் இல்லை. கேமராவோட மெகாபிக்ஸலுக்கும், ஓடவே ஆரம்பிக்காதவர் வாங்குற ஸ்போர்ட்ஸ் வாட்ச்சுக்கும் இதே கணக்குதான்.

இன்னொரு ரகசியம். கோல்ஃபுக்குன்னே விக்கிற ஜி.பி.எஸ். வாட்ச்சும் உங்க போனும் பார்க்கிறது அதே வானத்து செயற்கைக்கோளைத்தான். 2000 மே மாசம் வரைக்கும் அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலை வேணும்னே மழுங்கடிச்சுத்தான் விட்டது. பிழை 100 மீட்டர் வரைக்கும் போகும். அதை நிறுத்தினதுக்கு அப்புறம்தான் இந்த வியாபாரமே சூடு பிடிச்சது. அதனால வாட்ச்சுக்குக் கொடுக்கிற காசு தனித் துல்லியத்துக்கு இல்லை. வெயில்ல பளிச்னு தெரியுற திரை, நாலு மணி நேரம் தாங்குற பேட்டரி, பாக்கெட்ல இருந்து போனை எடுக்க வேண்டாம்ங்கிற சௌகரியம்... அதுக்குத்தான். சௌகரியத்துக்குக் காசு கொடுக்கிறது தப்பே இல்லை. துல்லியம்னு நினைச்சுக் கொடுக்காதீங்க, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு என்ன?

சரி, அம்பத்தூர் நண்பா, உங்க கேள்விக்கு வர்றேன்.

இருபது வருஷமா ஒரே மண்ணை மிதிக்கிற கால் அது. எந்த மரத்தடியில நின்னா கிரீன் எவ்வளவு தூரம்னு அவருக்கு மனப்பாடம். அங்கங்கே நட்டிருக்கிற 100, 150, 200 கெஜக் குறிகள்ல இருந்து எண்ணி எண்ணி நடந்தவர். அவரோட பிழை 3 கெஜம்னு வெச்சுக்கிட்டா, அந்த வாரக் கடைசி ஆட்டக்காரரோட மொத்தப் பிழை 20.2. ஆப்பைவிட ஒரு படி மேல!

சந்தேகமா இருந்தா ஒரு டெஸ்ட். மைதானத்துல போனுக்குத் தடை இல்லைன்னா, உங்க மைதானம் ஆப்ல இருக்கான்னு முதல்ல பாருங்க. இருந்தா ஒரு நாள் அப்பா 18 குழிக்கும் தன் தூரத்தை முதல்ல சொல்லட்டும். அப்புறம் போனைப் பார்த்து ரெண்டையும் ஒரு நோட்ல எழுதுங்க. வித்தியாசம் அஞ்சு கெஜத்துக்குள்ளயே நின்னா, யார் சரின்னு கேட்காதீங்க. ஆப்போட சொந்தப் பிழையே அஞ்சு கெஜம். உங்க அப்பாவை அளக்கிற தகுதி அதுக்கு இல்லை!

அப்புறம் அந்த வேலை பயம். தூரம் சொல்றது கேடி வேலையில ஒரு பங்குதான். காத்து எந்தப் பக்கம் அடிக்குது, நேத்து பெஞ்ச மழைக்குப் புல் எப்படி இருக்கு, கிரீன்ல பந்து எந்தப் பக்கம் சரியும், முந்தின குழியில சொதப்பிட்டு கோபத்துல நிக்கிற மனுஷன் கிட்ட இப்போ எந்த மட்டையைக் கொடுத்தா தப்பிப்பார்... இதுக்கெல்லாம் செயற்கைக்கோள் கிடையாது. 2019-ல இருந்து கோல்ஃப் விதிகளே தூரம் அளக்கிற கருவியைப் பொதுவா அனுமதிக்குது. போட்டி நடத்துறவங்க வேணும்னா தடை போடலாம். அமெரிக்க பி.ஜி.ஏ. டூரும் 2025-ல சில போட்டிகள்ல சோதனையா அனுமதிச்சுப் பார்த்தது. கையில லேசர் இருந்தும் யாரும் கேடியை வீட்டுக்கு அனுப்பலை.

கேடியோட கண்ணு எவ்வளவு தூரம் போகும்னு தெரிஞ்சுக்க பெங்களூரு சி.முனியப்பாவைக் கேளுங்க. கேடியா இருந்தவர், 2009-ல இந்தியன் ஓப்பன் ஜெயிச்சார்!

ஆனா, ஒண்ணை மறைக்கக் கூடாது. தூரத்தை மட்டும் சொல்லிட்டுப் பையைத் தூக்கிட்டு நடக்கிறவருக்குக் கருவி போட்டிதான். அதனால உங்க அப்பா அதைக் கண்டு ஒதுங்காம, தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது. ஆடுறவர் வாட்ச் '150'னு காட்டும்போது, 'அது நடு கிரீனுக்கு சார். கொடி இன்னைக்குப் பின்னாடி இருக்கு, ஒரு மட்டை கூட எடுங்க'னு சொல்ற கேடிக்கு மவுசு கூடத்தான் செய்யும்.

தீர்ப்பு!

அப்பாவுக்கு ஜி.பி.எஸ். கருவி: வேணாம். அந்தக் காசுல பாதிக்கு நல்ல கிரிப் இருக்கிற ஒரு ஷூ வாங்கிக் கொடுங்க. ஒரு ரவுண்டுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் பையோட நடக்கிற கால் அது. மீதியை அவர் பேர்ல பேங்க்ல போடுங்க. இலவச ஆப்பை அவர் போன்ல இறக்கி, கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுங்க.

புதுசா கோல்ஃப் கத்துக்கிற நண்பர்களுக்கு: வேணாம். ஒரே மட்டையில பத்துப் பந்து அடிங்க. முதல் பந்துக்கும் கடைசிப் பந்துக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு காலடியால எண்ணுங்க. பத்தடிக்கு மேல போச்சுன்னா, காசைக் கோச்சுக்குக் கொடுங்க.

பத்துப் பந்தும் ஒரு பிட்ச் நீளத்துல பாதிக்குள்ள விழுதா? ஊர் ஊரா புது மைதானங்கள்ல ஆடுறீங்களா? தாராளமா வாங்குங்க. லேசர் வாங்கினா, மேடு பள்ளத்தைக் கணக்குல சேர்க்கிற வசதியைப் போட்டியில அணைச்சு வைங்க. விதிப்படி அது கூடாது.

அடுத்த வாரப் பஞ்சாயத்துக்கு உங்க கேஸை அனுப்புங்க. வாங்குறதுக்கு முன்னாடி அனுப்புங்க மக்கா... வாங்கிட்டு பில்லோட வராதீங்க!