கண்ணாடி பொருந்துகிறதா?



ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவுக் கடலில் சங்கும் கடலட்டையும் எடுப்பவர்கள் முன்பு மூச்சடக்கி மூழ்கினார்கள். இன்று சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்களும் உண்டு. நெடுந்தீவுக்காரர் கடைக்குப் போவதென்றால் குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ் பிடிக்க வேண்டும். கைபேசியில் மலிவாகக் கண்டதைத் தருவிக்க மனம் வருவதில் வியப்பில்லை.

துடுப்பும் வலைப்பையும் தபாலில் வரட்டும். முகக் கண்ணாடியை வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும். வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுத்தால் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். (தாடி தடையில்லை, அடர்ந்த மீசைதான் தண்ணீரை உள்ளே விடும்!)

ரெகுலேட்டர்தான் பெரிய விஷயம். சிலிண்டரில் ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்த காற்றை மூச்சுக்கு ஏற்றபடி குறைத்துத் தருவது அது. உப்புப் படிந்தால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெடும். ஆண்டுக்கொரு முறை தெரிந்தவர் கழற்றிப் பார்க்க வேண்டும். பழைய சிலிண்டர் என்றால் கழுத்தருகே கொத்தியுள்ள சோதனைத் தேதியையும் பாருங்கள். காற்று நிரப்பும் இடத்தில் என்ஜின் புகை கலந்தால் அந்த நஞ்சுக்கு மணமே கிடையாது.

ஆழமில்லாத கடல்தானே என்பார்கள். 10 மீட்டரிலேயே அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். அங்கே காற்று தடைப்பட்டு, பதறி மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால் நுரையீரல் கிழியும்.

அடுத்த பார்சலுக்குப் பணம் கட்டுமுன் மகனிடமோ மச்சானிடமோ ஒன்று கேளுங்கள்: "இது பழுதானால் யாரிடம் கொடுப்பீர்கள்?"