ஆலைச் சாலையின் முனையில் ஒரு வகுப்பறை

சென்னையை அடுத்த ஒரகடத்தின் கார் ஆலைகளைக் கடந்து செல்லும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலை, தன் கிழக்கு முனையில் ஒரு காப்புக்காட்டைத் தொடுகிறது. 1985இல் அங்கு திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஏறத்தாழ 600 ஹெக்டேர் பரப்புடையது. ஆனால், அங்கு சுற்றுலா வரும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் புலியையும் சிங்கத்தையும் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். அங்குள்ள, சோழமண்டலக் கரையோரத்துக்குரிய உலர் பசுமைமாறாக் காடு, அதாவது கோடையிலும் முற்றாக இலையுதிர்க்காத குட்டை மரங்களும் முட்புதர்களும் அடர்ந்த காடு, சிறுவர் கல்விக்கு மிகவும் ஏற்றது. களாவும் காரையும் குழந்தையின் கண்ணுக்கு நேராகக் காய்ப்பதால், இலைகளை வகைபிரிப்பது கணக்காகவும், கறையான் புற்றைக் கண்டு விவரிப்பது மொழிப்பயிற்சியாகவும் அமைந்துவிடும்.

டென்மார்க்கில் 1950களில் வேரூன்றிய வன மழலையர் பள்ளி முறையில், குழந்தைகள் ஒரே காட்டுக்கு எல்லாப் பருவங்களிலும் மீண்டும் மீண்டும் சென்று தாமே தேடிக் கற்கிறார்கள். ஒருநாள் சுற்றுலா இதற்கு ஈடாகாது. சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயமாக்க உச்ச நீதிமன்றம் 1991இலேயே அறிவுறுத்தியும், அது பெரிதும் பாடநூலுக்குள் அடங்கிவிட்டது வருத்தத்துக்குரியது. ஆலைகளில் ஷிஃப்ட் வேலை செய்து களைத்துத் திரும்பும் பெற்றோரால் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துச் செல்வது அரிது என்பதால், இப்பொறுப்பைப் பள்ளியே ஏற்க வேண்டும். பேருந்துச் செலவுக்கு, 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி பெரிய ஆலைகள் தம் லாபத்திலிருந்து ஒதுக்கும் 2 விழுக்காடு சமூகப் பொறுப்பு நிதியில் சிறுபகுதியே போதும். வெயிலையும் பாம்பையும் கருதிக் காலை வேளையையும் வனப்பணியாளர் துணையையும் வனத்துறை உறுதிசெய்ய, பள்ளிகள் வரும் கல்வியாண்டிலேயே இந்தத் தொடர் காட்டுப் பயணங்களைத் தொடங்க வேண்டும்.