“உங்க ஊர் காசுலயே போட்டுடவா?”

மலாக்காவிலிருந்து ‘ஊருக்கு’ப் போகிறவர்கள் காசு மாற்றுவதில் கெட்டிக்காரர்கள். மெர்லிமாவ், ஜாசின், அலோர்காஜா என்று எந்தப் பக்கத்துக் குடும்பமானாலும், திருச்சிக்கு டிக்கெட் போட்ட மறுநாளே விசாரணை தொடங்கிவிடும். வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, எத்தனை ரூபாய் தருகிறார்கள்? மலாக்கா டவுன் கடையில் ஒரு விலை, தம்பின் கடையில் ஒரு விலை, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் மகன் கேட்டுச் சொன்னது ஒரு விலை. பத்துப் பைசா கூடக் கிடைக்கிற கடைக்குத்தான் போவார்கள். பால் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் சேர்த்த காசு, அப்படித்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் இவ்வளவு விவரமானவர்கள் கார்டை நீட்டும்போது மட்டும் எதையும் கேட்பதில்லை.

திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மகளுக்குக் கல்யாணப் பட்டு, விலை 24,000 ரூபாய். கையிலிருக்கும் ரூபாயைச் செலவழிக்க மனமில்லாமல் அம்மா கார்டை எடுக்கிறார். பில் போடும் பையன் மெஷினில் செருகியதும் திரையில் இரண்டு தொகைகள் வருகின்றன, ஒன்று ரூபாயில், மற்றொன்று ரிங்கிட்டில். “மலேசியாவாக்கா? உங்க ஊர் காசுலயே போட்டுடவா?” என்கிறான். “போடு தம்பி” என்கிறார் அம்மா. தெரிந்த காசு, தெரிந்த எண். மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. காசு போவது அங்கேதான்.

கணக்குக்காக வெள்ளிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புடவை 1,200 வெள்ளி. ரூபாயில் போடச் சொல்லியிருந்தால் விசாவோ மாஸ்டர்கார்டோ சந்தை விலையை ஒட்டிய ஒரு விலையில் மாற்றியிருக்கும். அதன்மேல் நம் பேங்க் தன் பங்கைச் சேர்க்கும். மலேசிய பேங்குகள் பலவற்றில் இது 1 விழுக்காடு, சிலவற்றில் சற்றுக் கூடுதல். ஆக 1,212 வெள்ளியில் முடிந்திருக்கும். ரிங்கிட்டில் போட்டால் மாற்று விலையைத் தீர்மானிப்பது அந்தக் கடையின் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம். அது வெள்ளிக்கு 19 ரூபாய் என்று வைத்தாலே 1,263 வெள்ளி ஆகிவிடும். இதோடு விட்டால் பரவாயில்லை. ரிங்கிட்டில் வெட்டினாலும் வெளிநாட்டுக் கடைதானே என்று நம் பேங்குகள் பல அந்த 1 விழுக்காட்டையும் பிடித்துக்கொள்கின்றன. மொத்தம் 1,276 ஆகிறது. ஒரு பட்டனில் 64 வெள்ளி போய்விட்டது. இதே தொகைக்கு மஸ்ஜித் இந்தியா வரை அலைந்து மிச்சப்படுத்திய பத்துப் பைசாவின் மதிப்போ வெறும் 6 வெள்ளி!

பட்டனை அழுத்துவது கடைக்காரர் என்றாலும் தேர்வு நம்முடையது. “ரூபாயிலேயே போடுங்க” என்றால் போதும். ஏற்கெனவே ரிங்கிட்டில் போட்டுவிட்டாரா? கையெழுத்தோ பின் நம்பரோ போடுவதற்குமுன் ரத்துசெய்து மறுபடி போடச் சொல்லலாம். ஏடிஎம்மும் இதே கேள்வியை வேறு மாதிரிக் கேட்கும். எங்கள் மாற்று விலையை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று வந்தால் வேண்டாம் என்று அழுத்துங்கள். பணம் எப்படியும் வரும், மாற்றுவது மட்டும் நம் பேங்க் பக்கம் நடக்கும்.

ஏடிஎம்மில் இன்னொரு செலவும் உண்டு. வெளிநாட்டில் எடுத்தால் ஒவ்வொரு தடவைக்கும் பத்து வெள்ளி அல்லது அதற்குமேல் பிடிக்கும் பேங்குகள் நம்மிடம் அதிகம். ஆயிரம் ரூபாய் எடுத்தாலும் பத்தாயிரம் எடுத்தாலும் அதே கட்டணம். எனவே கோயில் வாசலுக்கு வாசல் ஆயிரம் ஆயிரமாக எடுப்பது ஆகாது. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதை அடியோடு மறந்துவிடுங்கள். எடுத்த தொகையில் 5 விழுக்காடு கட்டணம், அன்றைக்கே ஓடத் தொடங்கும் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி. அதைவிட அண்டை வீட்டில் கைமாற்று வாங்கிப் போவது மேல்.

இப்படியெல்லாம் இருந்தால் முழுக்க ரொக்கமாகவே கொண்டுபோகலாமே என்பார்கள் பெரியவர்கள். 2016 நவம்பர் 8 இரவை அவர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, அடுத்த பயணத்துக்கென்று பீரோவில் ரூபாய் பத்திரப்படுத்தியிருந்த மலேசியக் குடும்பங்கள் திகைத்துப்போயின. வெளிநாட்டில் இருந்தவர்கள் மாற்றிக்கொள்ளப் பிறகு கிடைத்த அவகாசமும் இந்தியக் குடிமக்களுக்குத்தான். 2023 மே மாதம் 2000 ரூபாய் நோட்டும் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆட்டோ, பூக்கடை, அர்ச்சனைத் தட்டு, இளநீர் ஆகியவற்றுக்கு ரொக்கம் வேண்டும்தான். மிஞ்சியதைச் சேர்த்து வைக்காமல் கடைசி நாளில் செலவழித்துவிட்டு வருவது நல்லது.

வைஸ், பிக்பே மாதிரியான கார்டுகளைப் பிள்ளைகள் வைத்திருப்பார்கள். கட்டணம் குறைவு, மாற்றும்போதே எவ்வளவு என்று போனில் காட்டிவிடும். ஆனால் எல்லாம் அந்தப் போனை நம்பியிருப்பதால், போன் தொலைந்தாலோ லைன் கிடைக்காமல் போனாலோ என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். வழக்கமான பேங்க் கார்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் நாட்டு டெபிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பூட்டியே இருக்கும். புறப்படுமுன் ஆப்பிலோ ஏடிஎம்மிலோ பேங்கிலோ திறந்துவிட வேண்டும்.

சிங்கப்பூருக்கு மலாக்கா சென்ட்ரலில் பஸ் ஏறுகிறவர்களுக்கும் ஒரு விஷயம். அங்கே எம்ஆர்டியில் நம் பேங்க் கார்டைத் தட்டினால், தட்டுகிற ஒவ்வொரு நாளுக்கும் 60 சிங்கப்பூர் காசு கூடுதல் கட்டணம் உண்டு. சில நாள் தங்குகிறவர்கள் அங்குள்ள பயண அட்டையை வாங்கிக்கொள்ளலாம். கடைகளில் டூயிட்நவ் கியூஆர் 2023 முதல் அங்கே செல்லுபடியாகிறது. தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும்கூட அது செல்லும்.

நம் பக்கத்தில் பழனி, மதுரை, ராமேஸ்வரம் என்று ஆன்மிகப் பயணம் அழைத்துப் போகிறவர்கள் புறப்படுமுன் ஒரு கூட்டம் போடுவார்கள். விசா, பெட்டியின் கிலோ, எந்த வேளைக்கு எங்கே சாப்பாடு என்று எல்லாம் சொல்வார்கள். பணம் பற்றிச் சொல்வது “பத்திரமா வச்சுக்குங்க” என்பதோடு முடிந்துவிடுகிறது. பயணிகளில் பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள், பிள்ளைகள் கொடுத்த கார்டை முதல்தடவையாக வெளியூரில் எடுப்பவர்கள். அவர்களிடம் விழுக்காட்டுக் கணக்கெல்லாம் பேச வேண்டியதில்லை. கையில் கொடுக்கும் பயணத் தாளில் கோயில் பட்டியலுக்கு மேலே கொட்டை எழுத்தில் ஒரு வரி அச்சடித்தால் போதும்: கார்டு கொடுத்தால் ரூபாயில் போடச் சொல்லுங்கள்.